மூளைத் திசுவை உயிரோடு லேபுக்குக் கொண்டுவருவது

நியூரோசர்ஜரி ஆய்வகத்தில் டெக்னீஷியன் என்றதும் மைக்ராஸ்கோப்பும் எலக்ட்ரோடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாளின் பெரும்பகுதி உப்பு நிறுப்பதிலும், கேஸ் சிலிண்டரைச் சரிபார்ப்பதிலும், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வரக் காத்திருப்பதிலுமே போய்விடும். மாலையில் ஒரு நியூரானிலிருந்து நல்ல மின்பதிவு கிடைக்குமா என்பது, திசு வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் அநேகமாக முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் டெக்னீஷியன் பொறுப்பு.

மருந்துக்குக் கட்டுப்படாத டெம்போரல் லோப் வலிப்புக்கு அறுவை செய்யும்போது, உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸை அடைய வெளிப்புறக் கார்டெக்ஸில் (மூளையின் மேலடுக்கில்) ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரும். வலிப்பு கிளம்பும் இடத்திலிருந்து தள்ளி இருப்பதால் அது பெரும்பாலும் ஓரளவு இயல்பான திசு. ஆழத்தில் இருக்கும் ட்யூமருக்குப் போகும் வழியில் எடுப்பதும் அப்படித்தான். ஆய்வுக்காக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாக வெட்டக்கூடாது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, நோயாளி முன்பே எழுதிக் கொடுத்த ஒப்புதல் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பேத்தாலஜிக்குப் போக மிஞ்சியதே லேபுக்கு. பெயர் வராது, குறியீட்டு எண் மட்டும் வரும். 2018-ல் ஹங்கேரியின் செகெட், அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழுக்கள் மனிதக் கார்டெக்ஸின் முதல் அடுக்கில் 'ரோஸ்ஹிப்' என்ற புதுவகை நியூரானை விவரித்தபோது, மின்பதிவுகள் இப்படிக் கிடைத்த திசுவிலிருந்தே எடுக்கப்பட்டன.

இனி, திசுவைக் கொண்டுவரவும் மெல்லிய துண்டுகளாக வெட்டவும் வேண்டிய கரைசல். வெட்டுப்பட்ட நியூரானுக்குள் சோடியம் பாய்ந்தால், பின்னாலேயே தண்ணீரும் போய் செல் உப்பிவிடும். அதனால் வெட்டும் கரைசலில் சோடியத்தின் பெரும்பங்கை எடுத்துவிட்டு, சேனல்களில் எளிதில் நுழையாத என்எம்டிஜி என்ற பெரிய அயனியைப் போடுகிறோம். பரவலாகப் புழங்கும் அளவு 92 மில்லிமோலார், லிட்டருக்கு 17.96 கிராம். கூடவே சோடியம் பைகார்பனேட் 30, குளுக்கோஸ் 25, ஹெப்பீஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்) 20, சோடியம் அஸ்கார்பேட் 5, சோடியம் பைருவேட் 3, பொட்டாசியம் குளோரைடு 2.5, தயோயூரியா 2, சோடியம் பாஸ்பேட் 1.25. கால்சியம் 0.5 மட்டும், மக்னீசியம் சல்பேட் 10. கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினால், வெட்டும் அதிர்ச்சியில் கொட்டும் குளூட்டமேட் என்ற தூண்டு ரசாயனம் பக்கத்துச் செல்களை எரிப்பது குறையும்.

வரிசை முக்கியம். என்எம்டிஜி கடும் காரம். அதைக் கரைத்ததும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு (லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லி பிடிக்கும்) பிஎச்சை இறக்கிவிட்டுத்தான் பைகார்பனேட்டைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் பொங்கி, பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். கார்போஜன், அதாவது 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ், பத்துப் பதினைந்து நிமிடம் குமிழிட்ட பிறகு பிஎச் 7.3க்கும் 7.4க்கும் நடுவில் நிற்கிறதா பாருங்கள். கால்சியமும் மக்னீசியமும் கடைசியில். பிஎச் ஏறிக் கிடக்கும்போது அவற்றை விட்டால் கரைசல் பால்போல் கலங்கும். வடிகட்டிச் சமாளிக்காமல் அப்படியே கொட்டிவிடுவதே மேல், எது எவ்வளவு படிந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்து, கரைந்த பொருள்களின் மொத்த அடர்வை அளக்கும் ஆஸ்மோமீட்டர்: 300 முதல் 310 மில்லிஆஸ்மோல் வரை. 270 காட்டினால் எதையோ போட மறந்திருக்கிறீர்கள். அஸ்கார்பேட்டை அன்றன்றைக்கே சேர்ப்பது நல்லது. மஞ்சளித்த கரைசல் வேண்டாம். தயோயூரியாவை ஃப்யூம் ஹூடில் வைத்து நிறுக்கவும்.

பல லேப்களில் கவனம் தப்புவது பாத்திரத்தில்தான். ஒருமுறை ஃபார்மால்டிஹைடு பட்ட பீக்கரில் இந்தக் கரைசலைக் கலக்கினால் துண்டுகள் காரணமே தெரியாமல் சாகும். உயிர்த்திசுப் பாத்திரங்களைத் தனி அலமாரியில், தனி நிற டேப் ஒட்டி வைக்க வேண்டும், சோப்பும் படக்கூடாது.

தியேட்டருக்குப் போகும் பாட்டிலில் இந்தக் கரைசல் பனிக்கட்டியில் குளிர்ந்து, சிறு சிலிண்டரிலிருந்து கார்போஜன் குமிழிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூளையின் வெளியுறையான டியூராவைத் திறந்ததும் கூப்பிடும்படி நர்ஸிடம் முன்பே சொல்லிவையுங்கள். சர்ஜனிடம் கேட்க வேண்டியவை மூன்றே: உறிஞ்சி எடுக்காமல் ஒரே கட்டியாக எடுங்கள், ரத்தக்கசிவை நிறுத்த வைக்கும் பைபோலார் சூட்டை ஓரங்களில் குறையுங்கள், எடுத்ததும் சலைனில் நனைத்த காஸ் துணியில் சுற்றி வைக்காமல் நேராகப் பாட்டிலில் போடுங்கள். சலைனில் ஆக்சிஜனும் இல்லை, குளுக்கோஸும் இல்லை. அதில் ஐந்து நிமிடம் கிடந்தாலே நஷ்டம்தான். ஸ்டெரைல் பகுதியை டெக்னீஷியன் தொடுவதில்லை. பாட்டிலைத் திறந்து நீட்டுவதோடு சரி. திசு விழுந்த நேரத்தை அங்கேயே மூடியில் எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட நேரம் எப்போதும் ஊகமாகத்தான் இருக்கும்.

மனித மூளையின் பையா உறை எலியுடையதைப் போல இல்லை, தடிப்பு. வைப்ரட்டோம் என்ற சீவும் கருவியின் பிளேடு அதை அறுக்காமல் தள்ளும், கீழே முதல் அடுக்கு நசுங்கும். நுண் ஃபோர்செப்ஸால் ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். மடிப்புகளுக்குள் உறைந்த ரத்தத்தைக் கழுவி, சூடுபட்டு வெளுத்த ஓரத்தை வெட்டித் தள்ளுங்கள். பிளேடு பையாவுக்குச் செங்குத்தாக இறங்கும்படி கட்டியை ஒட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். மூன்றாம் அடுக்கின் பெரிய பிரமிட் செல்களின் டென்ட்ரைட் (செல்லிலிருந்து நீளும் கிளை) ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மேலேறும். கோணம் சாய்ந்தால் அது பாதியில் அறுபடும். முதல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், டென்ட்ரைட்கள் தளத்தைவிட்டு இறங்கி மறைந்தால் கட்டியைத் திருப்பி ஒட்ட வேண்டும். ஒட்டும் பக்கத்தை ஃபில்டர் பேப்பரில் ஒற்றி, சயனோஅக்ரிலேட் பசையை மெல்லிய படலமாக மட்டும் தடவவும். அதிகமானால் பக்கவாட்டில் ஏறி இறுகி பிளேடைத் தடுக்கும்.

தடிமன் 300 முதல் 350 மைக்ரான். வைப்ரட்டோம் மெதுவாக நகரட்டும். பிளேடு மேலும் கீழும் ஆடுவது ஒரு மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். செராமிக் பிளேடு விலை அதிகம், ஆனால் இந்தத் திசுவுக்கு அந்தச் செலவு நியாயமானது.

வெட்டிய துண்டுகள் 32 முதல் 34 டிகிரியில், அதே கரைசலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு சாதாரண சோடியம் அளவுக்கு ஒரேயடியாக மாற்றாமல், உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது பெரியவர்களின் திசுவுக்கு நல்லது. அடுத்து அறை வெப்பநிலையில், ஹெப்பீஸ் கரைசலில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. துண்டுகள் கிடக்கும் வலைக்கு அடியில் குமிழி சேர்ந்தால் துண்டு மிதந்து மேலே வந்து காய்ந்துவிடும். அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

நல்ல செல்லின் விளிம்பு மிருதுவாக, மங்கலாகத் தெரியும். உப்பி, நடுவில் நியூக்ளியஸ் ஆஃப்பாயில் மாதிரி எழும்பி நின்றால் அது போன செல். மேற்பரப்பில் அப்படிச் சில இருப்பது சகஜம். 50 மைக்ரான் ஆழத்திலும் அதுவே என்றால் அன்றைய பிஎச், ஆஸ்மோலாரிட்டி, போக்குவரத்து நேரம் மூன்றையும் தேடுங்கள்.

மிஞ்சிய திசுவில் ஒரு பங்கை உலர்பனியில் உறையவைத்து ஆர்என்ஏவுக்கும், ஒரு பங்கை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திச் சாயமேற்றவும் பிரிக்கலாம். எல்லாமே தொற்றுள்ளதாகக் கருதிக் கையாள வேண்டியவை: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த மேசைக்கு வரக்கூடாது. பிரியான் நோய்ச் சந்தேகம் இருந்தால் திசுவை வாங்கவே வேண்டாம், ஃபார்மலினும் ஆல்கஹாலும் அதைக் கொல்லாது. வெட்டும் தட்டுக்கு 10 சதவீத பிளீச். பாராஃபார்மால்டிஹைடு கழிவு தனிக் கேனில், பிளீச்சோடு கலக்காமல் போக வேண்டும். வைப்ரட்டோமை அன்றிரவே நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள்; உப்புப் படிந்து பிளேடு பிடிப்பான் துருப்பிடித்தால் அடுத்த கேஸுக்குள் ரிப்பேர்க்காரர் வரமாட்டார்.