தூக்காத கொடி

சென்னையில் லீக் ஆட்டங்களுக்குத் துணை நடுவராகப் பதினோரு ஆண்டுகள் எல்லைக்கோட்டோரம் ஓடியிருக்கிறேன். கால்பந்து விதிநூல் 1996-லேயே எங்களைத் துணை நடுவர் ஆக்கிவிட்டாலும், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு நாங்கள் இன்றும் லைன்ஸ்மேன்தான், கோபம் வந்தால் வெறும் "ஏய், கொடி!" அதில் எனக்கு வருத்தமில்லை. தொண்ணூறு நிமிடமும் நாங்கள் பேசுவது பெரும்பாலும் கொடியால்தானே.

பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது கொடியைத் தூக்குவதை அல்ல, தூக்காமல் வைத்திருப்பதை. ஓடும்போது துணி கம்பில் சுற்றிக்கொள்ளாமல், விரிந்தபடி, நடுவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக் கையில் அசையாமல் இருக்க வேண்டும். கை மாற்றுவதாக இருந்தால் இடுப்புக்குக் கீழேயே மாற்ற வேண்டும். மார்புக்கு நேரே மாற்றினால், தொலைவில் நிற்கும் நடுவர் அதையே சைகை என்று எண்ணி விசிலை ஊதிவிடக்கூடும். மழை நாளில் நனைந்த துணி கம்போடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் வழுக்காதிருக்கக் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தேன். பந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் துணியைக் கட்டைவிரலால் பிரித்துவிடுவது பழக்கமாகிப்போனது.

ரக்பி ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது அங்குள்ள கொடிகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. கம்பங்களை நோக்கி ஒருவர் உதைக்கத் தயாரானதும் துணை நடுவர்கள் இருவரும் கம்பங்களுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலாகச் சரியாகப் போய்விட்டால் இருவரும் கொடியை உயர்த்துகிறார்கள். அங்கே உயர்ந்த கொடி புள்ளியைத் தருகிறது. எங்கள் ஆட்டத்தில் ஐயமில்லாத கோல் விழுந்தால் கொடியை உயர்த்தாமலே நடுக்கோட்டை நோக்கி 25 முதல் 30 மீட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டமே சம்மதம். கோல் விழுந்த நேரத்தில் கொடி மேலே நின்றால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் மகிழ்ச்சி பறிபோகிறது என்று பொருள்.

த்ரோ-இன், கார்னர் சைகைகள் ஒரே மாலையில் வந்துவிடும். ஆஃப்சைடு, அதாவது பந்து உதைக்கப்படும் கணத்தில் பந்தையும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி அவர்கள் கோல் பக்கம் நிற்பது, அப்படி வராது. கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் தடுப்பாளருக்கு நேராக, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, நாற்பது மீட்டர் தள்ளிப் பந்து உதைக்கப்படும் கணத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து ஓரடி விலகி நின்றாலே கண் ஏமாற்றும். துணை நடுவர்களின் தவறுகளுக்கு இந்தப் பார்வைக் கோணமே காரணம் என்று டச்சு ஆய்வாளர்கள் 2000-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வேலியோரம் நின்று திட்டுபவர்கள் யாரும் கோட்டுக்கு நேராக நிற்பதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். 2018 உலகக் கோப்பையில் காணொளி உதவி வந்ததிலிருந்து, நெருக்கமான ஆஃப்சைடுகளில் தாக்குதல் முடியும்வரை கொடியைத் தாமதிக்கிறார்கள். எங்கள் மைதானங்களில் கேமரா கிடையாது. விசில் ஒலித்துவிட்டால் ஆட்டம் நின்றது நின்றதுதான்.

ஓர் அரையிறுதியில் நீண்ட பந்து ஒன்று வந்தபோது, நடுவில் நின்ற முன்கள ஆட்டக்காரர் இரண்டடி முன்னால், தெளிவாக ஆஃப்சைடில் இருந்தார். உடனே கொடியைத் தூக்கினேன், நடுவரும் ஊதினார். ஆனால் அந்த முன்கள ஆட்டக்காரர் பந்தைத் தொடவும் இல்லை, யாரையும் மறிக்கவும் இல்லை. பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொரு பையன் பந்தை எடுத்து வலைக்குள் அடித்திருந்தான். அவன் நின்ற இடத்தில் பிழையே இல்லை. ஆஃப்சைடில் நிற்பது குற்றமல்ல, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிடுவதே குற்றம் என்பது தேர்வில் நான் பிழையின்றி எழுதிய விடை.

ஆட்டம் முடிந்ததும் நடுவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, தூக்கறதுக்கு என்ன அவசரம்? யார் தொடுறான்னு பாரு. ரெண்டு நொடி லேட்டானா திட்டுவாங்க, அவ்வளவுதான்" என்றார். "சரி சார்" என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்தப் பையன் காத்திருந்தான். சண்டைக்கு வரவில்லை. "சார், நான் எங்கேருந்து ஓடி வந்தேன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டான். "பாக்கலப்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஷூவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.