கோட்டு நுனியில் பொறி

மார்ச் 3
கையில் இருப்பது ஒரு பறவை. கழுத்தில் தொடங்கி அலகு, தலை, முதுகு, வால், இறகு என்று ஒரே கோட்டில் ஓடி முடிகிறது. கண் மட்டும் தனிக் கோடு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஷேப் லேயராக வரைந்து, டிரிம் பாத்ஸ் சேர்த்து, அதன் எண்ட் மதிப்பை (கோடு எத்தனை சதவீதம் வரை தெரிய வேண்டும் என்பது) 4 நொடியில் 0-இலிருந்து 100-க்குக் கொண்டுபோகிறேன். கோடு அழகாக ஓடுகிறது. அதன் நுனியில் பொறி பறக்க வேண்டும். பொறிதான் கோட்டையே இழுத்துக்கொண்டு போகிறது என்று தோன்ற வேண்டும்.

பொறி பிறக்கும் புள்ளியான எமிட்டரை நுனியோடு நகர்த்தி நகர்த்தி 23 கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்ற குறி) வைத்தேன். அலகின் வளைவில் பொறி கோட்டை விட்டு விலகி வெறும் வெளியில் பறக்கிறது. எல்லாவற்றையும் அழித்தேன்.

மார்ச் 4
கோட்டின் பாத்தை காப்பி எடுத்து ஒரு நல் (null) லேயரின் பொசிஷனில் ஒட்டினேன். அது கண்ணுக்குத் தெரியாத வெற்று லேயர், எமிட்டர் அதைப் பின்தொடரும். 2 நொடிக்கான கீஃப்ரேம்களாக விழுந்தது. கடைசியை இழுத்து 4 நொடி ஆக்கினேன். தொடக்கம் சரி, முடிவும் சரி. ஆனால் முதுகுக்கு வருவதற்குள் பொறி கோட்டை முந்திவிடுகிறது. எண்ட் மதிப்புக்கு ஈசி ஈஸ் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிவது) கொடுத்திருக்கிறேன், நல் லேயர் சீரான வேகத்தில் போகிறது. அதற்கும் அதே ஈஸைக் கொடுத்தால் பொருந்தும்தான். ஆனால் நாளைக்கு வேக வளைவைத் தொட்டால் இரண்டு இடத்திலும் தொட வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு.

மார்ச் 6
இன்றைக்குப் பிடிபட்டது. சிசி 2018 பதிப்பிலிருந்து எக்ஸ்பிரஷனில் (மதிப்பைக் கணக்கிடும் சிறு நிரல் வரி) பாயிண்ட்ஆன்பாத் என்ற கட்டளை இருக்கிறது. எண்ட் மதிப்பை 100-ஆல் வகுத்து அதனிடம் கொடுத்தால், பாத்தின் நீளத்தில் அந்த விகிதத்தில் இருக்கும் புள்ளியைத் தரும். அதை நல் லேயரின் பொசிஷனில் எழுதினேன். இனிமேல் கீஃப்ரேம் இருப்பது ஒரே இடத்தில்.

முதலில் நல் லேயர் திரையின் மேல் இடது மூலைக்கு ஓடிவிட்டது. கிடைக்கும் புள்ளி ஷேப் லேயரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. டூகாம்ப் என்ற கட்டளை போட்டு முழுத் திரையின் கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்படியும் 40 பிக்சல் தள்ளியே நின்றது. ஷேப்புக்கு உள்ளே இருக்கும் குரூப்பின் பொசிஷனை டூகாம்ப் கணக்கில் எடுக்காது. அதைப் பூஜ்யமாக்கியதும் அலகின் கூர்முனையில் போய் உட்கார்ந்தது பாருங்கள், ஒரு பிக்சல் பிசகவில்லை. திரையை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஃபிரேம் ஃபிரேமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 7
இடம் பொருந்திவிட்டது, ஆனாலும் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிந்தது. கழுத்தில் பொறி குவிந்து வெள்ளையாகிவிட்டது, முதுகில் அங்கொன்றும் இங்கொன்றும். பொறியை உண்டாக்கும் பார்ட்டிகுலர் பிளக்இன்னில் பிறப்பு எண்ணிக்கை நொடிக்கு இத்தனை என்பதுதான் கணக்கு. கோடு மெதுவாகப் போகும் இடத்தில் அதே நொடிக்குள் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றன. வேகமாகப் போனால் சிதறிவிடுகின்றன. இடத்தை மட்டும் இணைத்தால் பாதி வேலைதான் முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறப்பு எண்ணிக்கையையும் எக்ஸ்பிரஷனில் கட்டினேன்: நல் லேயர் முந்தைய ஃபிரேமிலிருந்து எத்தனை பிக்சல் நகர்ந்ததோ, அதை ஓர் எண்ணால் பெருக்கு. நகர்ந்தால் பொறி, நின்றால் இல்லை. கம்பி மத்தாப்பைக் காற்றில் இழுத்தது போல் கோடு நெடுகச் சமமாக விழுந்தது. முடிவில் பொறியை நிறுத்தத் தனியாகக் கீஃப்ரேமும் வேண்டாம்.

மார்ச் 8
முதுகில் மணிகோத்தது போல் கொத்துக் கொத்தாக வந்தது. கோட்டின் நீளம் 2900 பிக்சல், 4 நொடிக்கு 96 ஃபிரேம். நடுவில் ஒரு ஃபிரேமுக்கு 45 பிக்சல் தாவுகிறது. ஃபிரேம்களுக்கு இடையிலும் எமிட்டரின் இடத்தைக் கணக்கிடும் பொசிஷன் சப்ஃபிரேமை 10எக்ஸ் ஸ்மூத் ஆக்கியதும் சரியானது.

மார்ச் 10
கண்ணுக்குத் தனி லேயர், தனி எமிட்டர். ஒரே எமிட்டரைத் தாவ வைத்தால் தாவும் வழியெல்லாம் பொறி சிந்தும்.

மார்ச் 11
4 நொடி நீளம், 3 நொடி போதும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசிக் கீஃப்ரேமைப் பிடித்து 72-ஆவது ஃபிரேமுக்கு இழுத்தேன். அவ்வளவுதான். கோடு, நுனி, பொறியின் அடர்த்தி எல்லாம் கூடவே வந்துவிட்டன. அப்புறம் பொறியின் ஆயுளை 1.2 நொடி ஆக்கினேன். கோடு இறகில் நின்ற பிறகும் கடைசிப் பொறிகள் மெல்லக் கீழே இறங்கி, 100-ஆவது ஃபிரேம் அருகே அணைகின்றன. ரெண்டர் போட்டாச்சு.