சொந்த ஊரில் ஒரு வெளியூர்க்காரன்

"உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று வீட்டுக்கு வந்த நண்பர் கேட்டார். "ஒன்றுமில்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: நான் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு!

அன்று எனக்கு நானே போட்டுக்கொண்ட பந்தயம் இது. வாரத்துக்கு ஒன்று, சொந்த ஊரிலேயே இதுவரை செய்யாத காரியம்.

முதல் வாரம், இருபது ஆண்டுகளாகப் பெயர்ப்பலகையில் மட்டுமே படித்திருந்த கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போனேன். "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார் நடத்துநர். "யாரையும் இல்லை, சும்மா வந்தேன்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே!

நீச்சல் வகுப்பைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

மூன்றாவது வாரம்தான் அசத்தியது. தினமும் போகும் தெருவிலேயே தலையை நிமிர்த்தி நடப்பது, அவ்வளவுதான். ஒரு பழைய மாடியின் நெற்றியில், புறா எச்சத்துக்கு நடுவே 1936 என்று சுதையில் எழுதியிருந்தது. பக்கத்தில் அலகு உடைந்த ஓர் அன்னம். இத்தனை நாளும் அது என் தலைக்கு மேல்தான் நின்றிருக்கிறது.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்கிறார்கள். மூளையில் நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருப்பதாக 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. எனக்குச் சொந்த ஊரில் உருப்படியாகத் தெரிந்தது ஏழு தெரு. என் ஹிப்போகாம்பஸின் கதி என்னவோ!

அடுத்த வாரத்துக்கு எதுவும் அகப்படவில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள், நீச்சலைத் தவிர.