கணைய வலி: மருந்துச்சீட்டில் எழுதப்படாதவை

நாள்பட்ட கணைய அழற்சி (கணையம் வீங்கி மெல்ல மெல்லக் கெட்டுவரும் நோய்) உள்ளவரிடம் 'வலி பத்துக்கு எத்தனை?' என்று கேட்டால் ஒன்பது என்பார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, முதுகுக்குப் பாய்கிறதா, குனிந்து உட்கார்ந்தால் தணிகிறதா, மலம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்று கேட்டால்தான் வழி பிறக்கும்.

'குடிப்பீங்களா?' என்று எடுத்தவுடன் கேட்பதும் தவறு. தென்னிந்தியாவில் ஒரு சொட்டு மதுவும் தொடாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் சேர்கிறது. புகைப்பதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. அது தனியாகவே நோயை முற்றவைக்கும்.

'மாத்திரை கேட்கவே மாட்டேங்குது' என்பவர்களிடம் என்சைம் கேப்சூலை (கணையம் சுரக்காத செரிமான நொதியை ஈடுகட்டும் மருந்து) எப்போது விழுங்குகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். மருந்துக்கடை உறையில் 1-0-1 (காலை, இரவு மட்டும்) என்று குறித்திருந்தால் மதியச் சாப்பாடு அப்படியே செரிக்காமல் போகும். நான்கு மணி டீயோடு தின்ற வடைக்கும் கேப்சூல் வேண்டும். வழக்கமாகப் பெரிய வேளைக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்), சிற்றுண்டிக்கு அதில் பாதி. முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. வெறும் வயிற்றில் போட்டால் வீண், மெல்லவும் கூடாது. சரியாகப் போட்டும் பலனில்லையென்றால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். என்சைம் கணைய வலியையே போக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அது குறைப்பது உப்பசத்தையும் பிசைவையும். நோயாளி கணக்கில் அதுவும் வலிதான்.

வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு போடுவதைவிட, நேரம் பார்த்துப் போடுவது மேல். டிரமடால் என்ற ஓபியாய்டு வகை வலி மருந்தைத் தொடங்கினால் மலமிளக்கியும் கூடவே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மலம் கட்டி வயிறு வலிக்கும், அதையும் கணைய வலி என்றே நினைத்து டிரமடாலைக் கூட்டுவார்கள், மலம் இன்னும் இறுகும். இந்தச் சுற்றில் மாட்டியவர்கள் ஏராளம். எரிச்சலாக, ஓயாமல் இருக்கும் வலிக்கு, நரம்பு வலி மருந்தான பிரிகேபலின் உதவலாம். இரவில் 75 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். டிரமடாலோடு சேரும்போது தூக்கமும் மூச்சும் கவனிக்கப்பட வேண்டும்.

வலியின் குணமே மாறினாலோ, காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி வந்தாலோ அளவைக் கூட்டாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். கணையக் குழாயில் கல் அடைத்திருந்தால் மாத்திரையோடு இழுத்தடிக்காமல் அறுவை நிபுணரிடமும் சீக்கிரம் கருத்துக் கேட்பது நல்லது.

சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்கு ஒரு தாளில் எழுதியே கொடுக்க வேண்டியது: வலியால் சாப்பிட முடியாத நாளில் எந்த இன்சுலினை நிறுத்துவது, எதைக் குறைப்பது. கணையம் கெட்டால் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானும் குறைகிறது. இறங்கிய சர்க்கரை தானாக ஏறுவது கடினம்.