அசெசர் முன்னால் கை சில்லிடாமல் இருக்க

ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் பதற்றம் முதலில் வந்து உட்காரும் இடம் உள்ளங்கை. பயத்தில் அட்ரினலின் ஏறும், விரல்களில் ரத்தக் குழாய் சுருங்கும், கை சில்லிடும், கூடவே வியர்க்கும். எழுத்துத் தேர்வென்றால் மறைத்துவிடலாம். இங்கே கை பட்டதும் மாடலின், அதாவது மசாஜுக்குப் படுத்திருப்பவரின், முதுகு விறைத்துக்கொள்ளும். அது மார்க் போடும் அசெசர் கண்ணில் படாமல் போகாது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ புழுக்கத்தில் பஸ் ஏறி வந்து, இறங்கியதும் ஏசி அறைக்குள் போனால், சட்டையில் ஊறிய வியர்வை குளிர்ந்து நடுக்கத்தைக் கூட்டிவிடும். அரைமணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள், உடம்பைத் துடைத்து உலர்ந்த சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் தேர்வு விழுந்தால் ராமேஸ்வரம் தீவிலிருந்து வருபவர்கள் முதல் நாளே ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. காலையில் இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி போதும். தூக்கம் கலைய ஸ்ட்ராங் டீ வேண்டாம், நடுக்கம் கூடும்.

எண்ணெய் விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஊரில் அது வருஷம் முழுக்கத் தண்ணீராகவே இருப்பதால் ஞாபகத்தில் இருக்காது. 20-ல் வைத்த ஏசியில் கொஞ்ச நேரம் கிடந்தால் பாட்டில் கழுத்தில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அழுத்தினால் வராது, இன்னும் அழுத்தினால் மொத்தமும் கொட்டும். பலருக்கு மசாஜ் வரிசை மறந்துபோவது அந்த நொடியில்தான். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் எள் ஒவ்வாமை உண்டா என்று மாடலிடம் கேட்டாக வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உங்கள் உள்ளங்கையில். மாடல் முதுகில் நேரே ஊற்றக் கூடாது.

மூச்சுக்கு ஒரு கணக்கு: 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

எங்கள் அனுபவத்தில் முதல் ஐந்து நிமிடம் கைக்குப் பழகிவிட்டால் மீதி தானாக ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுவதிலேயே பாதி குளிர் போய்விடும். அடுத்து கேள்விகள்: காய்ச்சல், தோல் நோய், ரத்தக் கட்டு, நரம்புச் சுருட்டல் உண்டா? பிறகு டவலைப் போர்த்தி, வேலை செய்யும் இடத்தை மட்டும் திறப்பது. டேபிள் உயரத்தையும் பார்த்துவிடுங்கள்: கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல்முட்டி டேபிளைத் தொட வேண்டும். தாழ்வாக இருந்தால் இடுப்பு வளையும், தோள் இறுகும், அந்த இறுக்கம் கை வழியாக மாடலுக்குப் போகும். இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருபது தடவையாவது செய்து பழகுங்கள்.

பழகும் ஆள் யார் என்பதும் முக்கியம். வீட்டில் வலை இழுத்து உரமேறிய தோளிலேயே பழகியவர்களுக்கு அழுத்தம் தானாகக் கூடிவிடும். தேர்வில் வரும் மாடல் அதைத் தாங்க மாட்டார். 'அழுத்தம் போதுமா?' என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கை சொரசொரப்பாக இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் எண்ணெய் தடவி, நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

வரிசை மறந்துபோனால் கையை எடுக்காதீர்கள். எஃப்ளூராஜுக்கு, அதாவது நீளத் தடவலுக்குத் திரும்புங்கள். காலில் என்றால் கணுக்காலிலிருந்து இதயத்தை நோக்கி, முழங்கால் குழியில் அழுத்தாமல். இரண்டு மூன்று தடவலுக்குள் அடுத்தது ஞாபகம் வந்துவிடும். 'சாரி மேடம்' என்று அசெசரைத் திரும்பிப் பார்த்தால்தான் தவறு வெளியே தெரியும்.

கடைசித் தடவல் முடிந்ததும் பலர் பெருமூச்சு விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மார்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணெயைத் துடைத்து, மாடலை ஒரு பக்கமாகத் திருப்பி மெதுவாக உட்கார வையுங்கள்; சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்த பிறகே அவர் காலைக் கீழே வைக்க வேண்டும்.