18,000 ரூபாய் லிமிட்டில் ஒரு குறுவை

நீடாமங்கலம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மேட்டூரைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், எங்கள் பக்கம் குறுவைக்கு நாற்று விடுவதெல்லாம் பெரும்பாலும் போர் தண்ணீரில்தான். அதனால் மே, ஜூனில் காயில் எரிந்த மோட்டார்கள் கடை வாசலில் வரிசை கட்டும். வேலைக்குப் பஞ்சமில்லை, காசுதான் வராது. “டிபிசியில நெல்லு போட்டதும் தந்துடறேன் தம்பி” என்பார்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்தைத்தான் டிபிசி என்கிறார்கள். சொன்னபடி தந்தும்விடுவார்கள். ஆனால் அது செப்டம்பர், அக்டோபரில். செப்புக் கம்பிக் கடைக்காரர் அதுவரை பொறுப்பாரா?

சம்பளச் சீட்டு இல்லாததால் கிரெடிட் கார்டு கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் 20,000 ரூபாய் எஃப்டி போட்டு, அதன் பேரில் ஒரு ரூபே கார்டு வாங்கினேன். லிமிட் 18,000. எஃப்டிக்கு வட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்று நான்கு மோட்டாருக்குக் கம்பி, வார்னிஷ், பேரிங் வாங்கினாலே லிமிட் தீர்ந்துவிடும். ஆகவே தொகையைவிடத் தேதியைத்தான் பிடித்துக்கொண்டேன். என் கார்டுக்கு 5-ஆம் தேதி பில் போடுவார்கள், 25-க்குள் கட்ட வேண்டும். ஜூன் 4-ல் வாங்கினால் அந்த மாதம் 25-க்கே பணம் வைக்க வேண்டும். அதே கம்பியை 6-ஆம் தேதி வாங்கினால் ஜூலை 25 வரை வட்டியில்லை. அவசரமில்லாத சரக்கை எல்லாம் 5 தாண்டித்தான் எடுப்பேன். இந்தத் தேதி நமக்குத் தோதாக இல்லையென்றால் மாற்றிக் கேட்கலாம், ரிசர்வ் வங்கி விதியிலேயே அதற்கு இடமுண்டு.

கைக்குக் காசு வந்த அன்றே ஆயிரம், இரண்டாயிரம் என்று கார்டில் கட்டிவிடுவேன். கட்டிய அளவுக்கு லிமிட் மறுபடி திறந்துகொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. கார்டில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்ற விவரம், நம் கடன் வரலாற்றுக்கு மதிப்பெண் போடும் சிபில் மாதிரி நிறுவனங்களுக்குப் போகிறது. அது லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். எனக்கு அது 5,400 ரூபாய். மாதம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் புரட்டினாலும், முடிந்தபோதெல்லாம் பாக்கியை அதற்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன்.

பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் 5 சதவீதம். 18,000-க்கு 900 கட்டினால் போதும் என்று ஆசை காட்டும். கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், அவ்வளவுதான். மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். அதற்குக் கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்தால் எவ்வளவோ குறைவு. கார்டில் ரொக்கம் எடுப்பதும் அப்படித்தான், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ரூபே என்பதால் யுபிஐயில் இணைத்துக்கொண்டேன். கம்பிக் கடை க்யூஆரில் எடுக்கிறது. ஆனால் உதவிக்கு வரும் பையனுக்குக் கூலி அனுப்ப முடியாது, வியாபாரிக் கணக்குக்கு மட்டும்தான் போகும். கூலியும் டீக்காசும் எப்போதும் ரொக்கம்.

இப்போது லிமிட்டை ஏற்றச் சம்மதமா என்று வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. நம்மைக் கேட்காமல் அவர்களாக ஏற்றக் கூடாது என்பது விதி. இரண்டு பெரிய பாக்கி இன்னும் வசூலாகவில்லை. அது வரட்டும், அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.