ஒன்பதாவது எதிரி

போலீஸ் வேலைக்குத் தேர்வானவர்களிடம் முன்னடத்தை விசாரணைக்காக ஒரு படிவம் தருவார்கள். எப்போதாவது கைதானதுண்டா, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்றால் விவரம் எழுத இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார்கள். என் விவரம் அதில் அடங்கவில்லை. குற்ற எண், சட்டப்பிரிவுகள், நீதிமன்றம், விடுதலையான தேதி எல்லாம் எழுதிவிட்டு, 'ஒன்பதாவது எதிரி' என்பதைக் கோட்டுக்கு வெளியே ஓரத்தில் நெருக்கி எழுதினேன். (குற்றம் சாட்டப்பட்டவரை வழக்குக் காகிதத்தில் எதிரி என்றுதான் எழுதுவார்கள்.)

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் எட்டிப் பார்த்தான். "இன்னாடா இது, நீயே போய் மாட்டிக்கிற? விடுதலை ஆயிட்டல்ல, இல்லைனு போட்டுட்டு வாடா" என்றான். எனக்கும் கை நடுங்கியது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ஊர்க்கார ஓய்வுபெற்ற ஏட்டய்யா ஒருவர் சொல்லியிருந்தார்: "கேஸ் இருந்தா தப்பிக்க வழி தேடலாம் தம்பி. மறைச்சேன்னு ஆயிட்டா, அப்புறம் அதுவே தனிக் கேஸு."

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். பொங்கல் வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஊர் ஊராக மாடு விடும் திருவிழாதான். தென்மாவட்டத்தில் போல திமிலைப் பிடித்துத் தொங்குவது இங்கே கிடையாது. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி, நடுவில் காளையை அவிழ்த்து விடுவோம். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடியில் ஓடிக் கடக்கிறதோ அதற்குப் பரிசு. ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர்தான் அன்றைக்கு ஊரில் பெரிய மனிதர்.

2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுப் பந்தயங்களையும் தடை செய்தது. அடுத்த பொங்கலுக்கு, அதாவது 2015 ஜனவரியில், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூடி, "சாமிக்கு விடறதை எவன் தடுக்கறது" என்று முடிவு செய்துவிட்டார்கள். விடிந்தும் விடியாமலும் ஆறேழு காளைகள் ஓடின. நான் அங்கே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் மாமா வீட்டுக் காளைக்குக் கயிறு பிடித்தவனே நான்தான். அப்போது எனக்கு இருபது வயது.

ஜீப் வந்தது, கூட்டம் கலைந்தது, யாரும் பிடிபடவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் மீது வழக்கு. எப்படித் தெரிந்தது பெயர்? ஊர் முனையில் 'இளைஞர் அணி அன்புடன் வரவேற்கிறது' என்று ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தோம். அதில் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். கூலிங் கிளாஸ் போட்டுக் கைகட்டி நின்ற என் படம் ஒன்பதாவது. எதிரி வரிசையிலும் நான் ஒன்பதாவது. ஏழாவதாக இருந்தவன் அன்றைக்கு ஓசூரில் ஷிப்டில் இருந்தான்.

சட்டவிரோதமாகக் கூடியது, தடை உத்தரவை மீறியது, மிருகவதை என மூன்று பிரிவுகள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சத்துவாச்சாரியில் இருக்கும் நீதிமன்ற வளாகத்துக்கு வாய்தா வாய்தாவாக நடந்தோம். மூன்றாவது வாய்தாவில் ஒருவர் வந்து, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, இன்னிக்கே முடிஞ்சிடும்" என்றார். பாதிப் பேர் தயாராகிவிட்டார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அங்கேயும் அந்த ஏட்டய்யாதான் தடுத்தார். "ஒத்துக்கினு பைன் கட்டினா அது தண்டனைடா. நூறு ரூபா கட்டினாலும் தண்டனை தண்டனைதான். கவர்மென்ட் வேலைக்குப் போறவன் கட்டாத." எங்களில் ஐந்து பேர் கட்டவில்லை. இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், இன்றைக்கும் நீதிமன்ற வாசலில் பையன்கள் விவரம் தெரியாமல் ஃபைன் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவதைப் பார்க்கிறேன்.

2017 ஜனவரியில் மெரினா போராட்டம், அவசரச் சட்டம் எல்லாம் நடந்து, மாடு விடுவது சட்டப்படி சரியாகிவிட்டது. எங்கள் வழக்கு மட்டும் அப்படியே நின்றது. செய்த நாளில் அது குற்றம்தானே என்றார் வக்கீல். சில வாரம் கழித்துச் சாட்சி விசாரணை. புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்து எங்கள் ஐந்து பேரையும் பார்த்து அடையாளம் தெரியவில்லை என்றார். மற்ற இரண்டு சாட்சிகளும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார்கள். தீர்ப்பின் கடைசி வரி: 'சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறார்கள்.' லட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். அந்த வரியில் 'சந்தேகம்' என்று ஒரு சொல் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது பாலாற்றில் ஓடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாத ஆறு போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வரம். மணலில் ஓடிப் பழகியவனுக்குத் தரையில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிப்பது பெரிய காரியம் இல்லை. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். (பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள். அதைச் சொன்னால் என் வீட்டில் சோறு கிடைக்காது.) கோயிலுக்கு 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். அதிகாரம் இல்லாத போலீஸ் என்பது கோட்டைக்குள் இருந்த பயிற்சிப் பள்ளியின் காவலர்களைச் சொன்னது. சின்ன வயதில் அவர்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்து, அந்த அதிகாரம் இல்லாத போலீசாகவாவது ஆகிவிட வேண்டும் என்று ஏங்கியவன் நான்.

அப்போது எழுத்துத் தேர்வுக்கு எண்பது மதிப்பெண், உடல்திறனுக்குப் பதினைந்து, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு ஐந்து. அந்த ஐந்தில் எனக்கு ஒன்றும் இல்லை. நேதாஜி மைதானத்தில் கயிறு ஏறி இறங்கியபோது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. வலி சாயங்காலம்தான் தெரிந்தது. தேர்வுப் பட்டியலில் என் எண் வந்தது.

அப்புறம்தான் விசாரணைக்கு ஆள் வந்தார். தனிப்பிரிவுக் காவலர். டிவிஎஸ் எக்ஸ்எல்லை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வராமல் டீக்கடையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம். அம்மா திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவே இல்லை. இலையை வெட்டுவதும் தூள் வைத்து உருட்டுவதும் நூல் கட்டுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்குக் கட்டியதில் பாதியைக் கழிவு என்று கம்பெனியில் திருப்பிவிட்டார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "நல்லதாத்தான் சொன்னேன் போடா" என்பார்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஆணை வந்தது. நிராகரிப்பு. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சி ஆனதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று காவல் பணி விதியில் ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த விதி செல்லும் என்று 2008-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருந்தது. எனக்கு இரண்டும் பொருந்தின. அன்றைக்கு ராத்திரி பாலாற்றுக்குப் போய் சும்மா நடந்தேன். ஓடத் தோன்றவில்லை.

அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். அவ்தார் சிங் என்பவரின் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத்தான் வக்கீல் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கையும் பெரிய குற்றத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்கிறது அது. அதே தீர்ப்பு, உண்மையை மறைக்காமல் சொன்னவனையும் வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. அதனால் எனக்கு வேலை கொடு என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடவில்லை. வழக்கின் தன்மையைப் பார்த்து மறுபடி யோசி என்றுதான் திருப்பி அனுப்பியது. யோசித்தார்கள். புதிய ஆணையில் ஒரு வரி: 'மனுதாரர் வழக்கு விவரத்தைப் படிவத்தில் தாமாகவே தெரிவித்துள்ளார்.' கோட்டுக்கு வெளியே நெருக்கி எழுதியது வீண் போகவில்லை.

சேர்ந்தபோது என்னோடு கயிறு ஏறியவர்கள் பயிற்சி முடித்து பந்தோபஸ்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "இல்லைனு போட்டுட்டு வாடா" என்ற நண்பன் எனக்கு சீனியர். முதல் நாள் அவனுக்கு சல்யூட் அடிக்கப் போனேன். "நாய்க்குப் பொறந்தவனே" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். சீனியாரிட்டி போனது போனதுதான், அது திரும்பாது.

ஆயுதப்படையில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது ஸ்டேஷனில் பதிவேடுகள் எழுதும் ரைட்டருக்கு உதவியாக இருக்கிறேன். அந்த விதியை அன்றைக்குத் திட்டிய அளவுக்கு இன்றைக்குத் திட்ட முடியவில்லை. கத்தியால் குத்திய ஒருவன், சாட்சி வீட்டுக்கு நாலு பேரை அனுப்பி வைத்து, அடுத்த வாரம் விடுதலையாகி வெளியே வந்து எங்களைப் பார்த்துச் சிரித்ததை நேரில் பார்த்தேன். அவன் தீர்ப்பிலும் அதே 'சந்தேகத்தின் பலன்'தான். அவனுக்கு லத்தி கொடுக்கலாமா? கூடாது. ஆனால் ஃபிளெக்ஸைப் பார்த்து எழுதிய வழக்கும் அதுவும் காகிதத்தில் ஒன்றாகத் தெரிவதுதான் கோளாறு. வித்தியாசம் தீர்ப்பில் தெரியாது, டீக்கடையில்தான் தெரியும். இப்போது விசாரணைக்கு என்னை அனுப்பினால் நானும் முதலில் டீக்கடையில்தான் உட்காருகிறேன்.

சென்ற வருடம் அப்படி ஒரு பையனைப் பற்றி விசாரிக்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரனோடு வாய்க்கால் தகராறு, கைகலப்பு, வழக்கு சமரசமாக முடிந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத விஷயம். படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். "ஏன்டா எழுதல?" என்றேன். "அண்ணா, யாரோ எழுதாதன்னு சொன்னாங்கண்ணா" என்றான். உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினேன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். நான் எழுதாமல் விட்டிருக்க முடியாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் பொங்கல் முடிந்து மாடு விடும் விழாவுக்கு பந்தோபஸ்து போட்டார்கள். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. கலெக்டர் அனுமதி, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ், இரட்டைத் தடுப்பு எல்லாம் உண்டு. அவிழ்த்து விடும் இடத்திலேயே எனக்கு டியூட்டி. ஒவ்வொரு காளை கிளம்பும்போதும் என் விரல்கள் கயிறு பிடிப்பது போலத் தாமாக மடங்கின. இரண்டு மணிக்கு முடிக்க வேண்டும். இரண்டேகாலுக்கு இன்னும் நாற்பது காளைகள் குட்டியானை வண்டிகளில் காத்திருந்தன. நிறுத்துங்கள் என்றதும் சத்தம், தள்ளுமுள்ளு, தடுப்பு ஒன்று சாய்ந்து ஒரு பெரியவருக்குக் கால் நசுங்கியது.

கலைந்தபின் எஸ்ஐ ஐயா நோட்டை என்னிடம் நீட்டினார். "பேரெல்லாம் எழுதுப்பா." தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பையன்கள், கூலிங் கிளாஸ், கைகட்டு. நான் பார்த்தவர்கள், தடுப்பில் கை வைத்துத் தள்ளியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பெயரையும் விசாரித்து எழுதிக் கொடுத்தேன்.

ஐயா நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலுதானா?"

"பார்த்தது நாலு பேருங்கய்யா."

அவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, வண்டில ஏறு" என்றார்.